கொங்கு நாட்டுக் கல்லூரி ஊருக்குக் குடிவரும் ஆசிரியர்களுக்கு: வேலை ஆர்டர் வாங்குவதிலிருந்து வாடகை ஒப்பந்தம் புதுப்பிப்பது வரை

திருச்செங்கோடு, குமாரபாளையம், பெருந்துறை, சத்தியமங்கலம், பொள்ளாச்சி என்று கல்லூரிகளால் வளர்ந்த ஊர்கள் கொங்கு நாட்டில் நிறைய. சென்னையிலிருந்தோ வெளிமாவட்டத்திலிருந்தோ இங்கே வேலைக்கு வரும் ஆசிரியர் முதலில் விசாரிப்பது வாடகையை. அது உண்மையிலேயே குறைவு. தாம்பரத்தில் நாங்கள் கொடுத்துவந்ததில் பாதி வாடகைக்குத் திருச்செங்கோட்டில் அதைவிடப் பெரிய வீடு கிடைத்தது. ஆனால் மிச்சமாகும் பணம் கையில் நிற்குமா, தண்ணீர் வண்டிக்கும் பெட்ரோலுக்கும் போய்ச் சேருமா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சேர்வதற்கு முன் நீங்கள் கேட்கும் கேள்விகள், காகித வேலைகளை நீங்கள் முடிக்கும் வரிசை. இதையெல்லாம் யாரும் எனக்கு வரிசையாகச் சொல்லவில்லை; அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன்

முதலில் சம்பளம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளில் பெரும்பாலும் 'கன்சாலிடேட்டட்' என்று ஒரே தொகையாகத்தான் பேசுவார்கள். அந்தத் தொகை பிடித்தம் போகக் கைக்கு வருவதா, பிடித்தத்துக்கு முன்னால் உள்ளதா என்று அங்கேயே கேளுங்கள். பல இடங்களில் வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகம் கட்ட வேண்டிய பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே கழிக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் மாதம் 1,800 வித்தியாசம் வரும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

சம்பளத்தைவிட அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பது வேலை நேரம். பாடவேளை வாரத்துக்கு எத்தனை, சனிக்கிழமை வேலை உண்டா, பஸ் டூட்டி உண்டா, விடுதிப் பொறுப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் அட்மிஷன் வேலை. மார்ச் முதல் ஜூன் வரை பிளஸ் டூ மாணவர்களின் வீடு தேடிப் போய்ப் பேசுவது, வெளிமாவட்டங்களில் தங்கி ஆள் சேர்ப்பது, ஒவ்வொருவருக்கும் இத்தனை சேர்க்கை என்று இலக்கு வைப்பது எல்லாம் இந்தப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் நடக்கிறது. நேர்முகத்தில் பளிச்சென்று கேட்கத் தயக்கமாக இருந்தால், அதே துறையில் இரண்டு வருஷமாவது வேலை செய்த ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு ஊருக்குப் போக முடியுமா என்பது இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

அடுத்தது ஒரிஜினல் சான்றிதழ். ஆசிரியரின் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) சொல்லியிருக்கிறது. ஆனாலும் "ஃபைலுக்காகத்தாங்க சார், ஒரு வருஷத்துல திருப்பிக் கொடுத்துருவோம்" என்று கேட்பது நின்றபாடில்லை. ஒரிஜினலைக் காட்டிச் சரிபார்க்க விடுங்கள், கையொப்பமிட்ட நகலைக் கொடுங்கள், ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால் எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு எழுதி வாங்காமல் நகராதீர்கள். சான்றிதழ் வெளியே வர மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னதாக ஒரு நண்பர் வருந்திச் சொன்னார். அவர் கையில் ஒப்புகைச் சீட்டுகூட இல்லை.

2. பழைய கல்லூரியிலிருந்து முறைப்படி விடுபடுவது

வாங்க வேண்டியவை: பணியிலிருந்து விடுவிக்கும் ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நிலுவை இல்லை என்ற சான்று, அந்த நிதியாண்டில் பெற்ற சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் கணக்கு. கடைசியில் சொன்னதைப் புதிய கல்லூரியின் கணக்குப் பிரிவில் கொடுக்காவிட்டால், அவர்கள் தங்கள் சம்பளத்தை மட்டும் வைத்து வரி பிடிப்பார்கள். வருஷக் கடைசியில் மொத்தமாக உங்கள் தலையில் விழும்.

பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏஐசிடிஇ இணையதளத்திலும் பல்கலைக்கழகப் பதிவிலும் பழைய கல்லூரியின் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டதா என்று பாருங்கள். 2024 ஜூலையில், ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருக்கும் விவகாரம் தமிழ்நாட்டில் பெரிதாக வெடித்தது. அதன் பிறகு, பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ரிலீவிங் ஆர்டர் வாங்கும் அன்றே நீக்கும்படி எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். கணக்குக்குப் பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் தொடரும் பொது எண்) கொடுங்கள். புது எண் வாங்கினால் பத்து வருஷச் சேவைக் கணக்கை ஒன்று சேர்ப்பது பெரிய வேலை. ஓய்வூதியத்துக்கு அந்தப் பத்து வருஷம் முக்கியம்.

நேரம்: பெரும்பாலான கல்லூரிகள் மூன்று மாத நோட்டீஸ் கேட்கும், செமஸ்டர் நடுவே விடாது. மே கடைசியில் விடுபட்டு ஜூனில் சேர்வதுதான் வசதி. அப்படியென்றால் பிப்ரவரியிலேயே கடிதம் கொடுத்திருக்க வேண்டும்.

3. எந்த ஊரில் குடியிருப்பது

கல்லூரி ஓர் ஊரின் பெயரில் இருக்கும். வளாகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கல்லூரிப் பேருந்து எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு ஏற்றுகிறது, ஆசிரியருக்குக் கட்டணம் உண்டா என்று கேட்ட பிறகே தெருவைத் தேர்ந்தெடுங்கள்.

திருச்செங்கோட்டுக்கு ஊருக்குள் ரயில் இல்லை. சங்ககிரிக்கோ ஈரோடு சந்திப்புக்கோதான் போக வேண்டும். சென்னைக்கு ஏற்காடு, சேரன், நீலகிரி என்று இரவு ரயில்கள் ஈரோட்டில் நிற்கின்றன. அதனால் மாதம் ஒருமுறை சென்னை போகிறவர்கள் ஈரோட்டிலோ பள்ளிபாளையத்திலோ குடியிருக்க நினைப்பார்கள். ஆனால் ஈரோட்டிலிருந்து என்றால் காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்வரும் நேரத்தை ஒரு வேலைநாளில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எல்லாச் சாலையும் காலியாகத்தான் இருக்கும்.

பெருந்துறை, கோவை – சேலம் தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டியே இருப்பதால் பஸ்ஸுக்குக் கவலையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேயே இருக்கிறது. சத்தியமங்கலத்திலும் கோபிசெட்டிபாளையத்திலும் தண்ணீரும் பசுமையும் நிம்மதி தரும். ரயில் கிடையாது. சத்தியிலிருந்து மைசூர்ப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள், திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதை மனதில் வையுங்கள். பொள்ளாச்சியில் ரயில் சந்திப்பும் உண்டு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் உண்டு. வெயிலுக்குப் பயப்படுகிற பெற்றோர் உங்களோடு வந்தால், ஈரோடு, நாமக்கல் பக்கத்தைவிட அங்கே அவர்களுக்குச் சுகம்.

கணவன் மனைவி இருவருக்கும் வேலை வேண்டுமென்றால் ஈரோட்டையோ சேலத்தையோ நடுவில் வைத்து யோசியுங்கள். சிற்றூரில் இரண்டாவது வேலை கிடைக்கும் என்று நம்பி வந்து, ஒருவர் வருஷக்கணக்கில் வீட்டில் இருக்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சம்பள இழப்பை எந்த வாடகைக் குறைவும் ஈடுகட்டாது.

4. வீடு பார்ப்பது: முதலில் தண்ணீர்

வீடு காலியாவதும் நிரம்புவதும் மே, ஜூன் மாதங்களில். ஏப்ரல் கடைசியில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் தேர்வு நிறைய இருக்கும். ஜூலையில் வந்தால் மிச்சம் மீதிதான். இரண்டு படுக்கையறை வீடு நான் பார்த்த அளவில் 7,000 முதல் 12,000 ரூபாய்க்குள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. துறையில் வேலை செய்யும் உதவியாளர், கல்லூரிப் பேருந்து ஓட்டுநர், ஜெராக்ஸ் கடைக்காரர் ஆகியோரிடம் சொல்லி வைத்தால் அந்தச் செலவும் இல்லாமல் போகலாம்.

வீட்டுக்காரரிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டால், "போர் ஆயிரத்து இருநூறு அடிங்க சார், ஒரு நாளும் வத்துனதே இல்லீங்க" என்று பதில் வரும். வற்றாது என்பது உண்மையாகவே இருக்கலாம். எப்படிப்பட்ட தண்ணீர் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நேராகக் குளியலறைக்குப் போங்கள். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகக் கல்போல் படிந்திருக்கிறதா, ஷவரின் துளைகளில் பாதி அடைத்திருக்கிறதா, தரை ஓட்டின் விளிம்பில் தேய்த்தாலும் போகாத வெண்படலம் இருக்கிறதா? இருந்தால் அது உப்புத் தண்ணீர். துணி வெளுக்காது, தலைமுடி சிக்குப் பிடிக்கும், வாஷிங் மெஷினும் ஹீட்டரும் சீக்கிரம் பழுதாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாயில் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை. அதைத் தாண்டிக் காட்டும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

டிடிஎஸ் மீட்டர் எல்லாவற்றையும் காட்டாது. நாமக்கல், சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயப்பட்டறைக் கழிவும் பெருந்துறையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதியில் ஆலைக் கழிவும் நிலத்தடி நீரைக் கெடுத்திருப்பது ஊரறிந்த விஷயம். போர் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துவிடுங்கள்.

காவிரித் தண்ணீர் நகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். வார்டுக்கு வார்டு மாறும். அதிகாலையில் விட்டால் யார் எழுந்து பிடிப்பது? தரைத்தொட்டி இருக்கிறதா, எத்தனை லிட்டர், மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பொதுவா? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விதான். கோடையில் தண்ணீர் வண்டி வாங்க வேண்டி வந்தால் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

தண்ணீருக்கு அடுத்தது சத்தம். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோட்டின் சில தெருக்களில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடும். பகலில் வீடு பார்க்கும்போது தெருச் சத்தத்தில் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தெருவில் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஜன்னலை மூடினாலும் ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்டவர்களுக்குத் தாலாட்டு. ஆய்வுக் கட்டுரை எழுத உட்காருகிறவருக்குக் கஷ்டம். லாரிப் பட்டறையும் போர் போடும் ரிக் வண்டிப் பட்டறையும் பக்கத்தில் இருந்தால் வெல்டிங், தட்டல் சத்தம் பகல் முழுக்க.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம். ஊருக்கு வெளியே, காற்றோட்டமாக, வாடகை மலிவாக ஒரு வீடு கிடைத்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பண்ணை இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஈ வரும். சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துச் சாப்பிடும் அளவுக்கு வரும். அக்கம்பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வலை அடித்திருந்தால் காரணம் கொசு மட்டும்தானா என்று விசாரியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வீடு பார்க்கும்போது வரும். நேராக வராவிட்டால் குலதெய்வம், சொந்த ஊர் என்று சுற்றி வரும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் இஸ்லாமிய ஆசிரியர்களுக்கும், பேசி முடித்த வீடு மறுநாள் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கைமாறுவது நடக்கிறது. இது தவறு. முனைவர் பட்டத்தோடு பாடம் சொல்ல வருகிறவரை இப்படி நிறுத்தி வைப்பது எனக்கு ஆறவே இல்லை. கைகொடுக்கக்கூடிய வழிகள் சில: முதல் ஆறு மாதம் கல்லூரிக் குவார்ட்டர்ஸ் கேட்பது, வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளிலும் புது விரிவாக்க நகர்களிலும் தேடுவது, உடன் வேலை செய்கிறவர் காலி செய்யும் வீட்டுக்கு அவர் மூலமாகவே போவது. ஏற்கெனவே இங்கே இருக்கும் ஆசிரியர்கள் இதில் தயங்காமல் முன்னால் நின்று பேச வேண்டும். தனியாக வரும் ஆசிரியைகளுக்கு இரவு கேட் பூட்டும் நேரம், உறவினர் வந்து தங்கலாமா என்பவையும் முன்பே பேச வேண்டியவை.

5. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

அட்வான்ஸ் ஆறு முதல் பத்து மாத வாடகை வரை கேட்பார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. இதைச் சொல்லிப் பேசினால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, குறைப்பவர்களும் உண்டு. பணிவாகச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம். பல வீட்டுக்காரர்கள் 'எதுக்குங்க அதெல்லாம்' என்பார்கள். விட்டுவிடாதீர்கள். அடுத்து வரும் முகவரி மாற்றங்கள் பெரும்பாலும் இந்த ஒரு காகிதத்தை வைத்துத்தான். ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: வாடகை, அட்வான்ஸ் தொகை, திருப்பித் தரும் கால அளவு, காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், தண்ணீர் மோட்டார் பழுதானால் யார் செலவு, மின் இணைப்பு எண்.

வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படி விலக்குக்கு வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். புதிய வரி முறையில் அந்த விலக்கே இல்லை. எதில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்பது பெரிய விஷயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் அது பங்காகிவிடும். அதோடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் கட்டணம் கூடும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் வீட்டில் வாடகை 1,000 ரூபாய் குறைவாக இருந்தாலும், ஏசி போடும் குடும்பத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் அது போய்விடும்.

வாடகைக்குப் பதில் ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து லீசுக்குப் போவதும் இங்கே உண்டு. வில்லங்கச் சான்று போட்டு வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்காமல் போகாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகியே ஆக வேண்டும். சாதாரணப் பத்திரத்தில் எழுதிய மூன்று வருஷ லீஸ், வம்பு வந்தால் உங்களைக் காப்பாற்றாது.

6. சாமான் ஏற்றி வருவது

இந்த வட்டாரமே லாரித் தொழில் வட்டாரம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிகள் சென்னையில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பி வரும். தெரிந்தவர் மூலம் லாரி புக்கிங் ஆபீசில் சொல்லி வைத்து ரிட்டர்ன் லோடு பிடித்தால் பேக்கர்ஸ் நிறுவனங்கள் கேட்பதில் பாதிதான் ஆகும். எந்த நாள் என்பதை மட்டும் அவர்கள்தான் சொல்வார்கள். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். ஏற்றுகூலி, இறக்குகூலி வாடகையில் சேர்த்தியா என்று முதலிலேயே பேசுங்கள். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் கட்டுங்கள்.

7. முகவரி மாற்றங்கள், இந்த வரிசையில்

ஒப்பந்தம் கையில் வந்ததும் முதலில் ஆதார். இணையத்திலேயே முடியும், கட்டணம் நூறு ரூபாய்க்குள். ஒப்பந்தத்தில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஆதாரில் உள்ளதுபோல் இருக்க வேண்டும், இனிஷியல் உட்பட. இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

அப்புறம் எரிவாயு. சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டும் டெபாசிட் பணமும் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டரை லாரியில் ஏற்றி வந்தால் இங்குள்ள ஏஜென்சியில் கணக்குச் சேராது.

மூன்றாவது ரேஷன் கார்டு. உணவுப் பொருள் வழங்கல் துறை இணையதளத்தில் முகவரி மாற்றத்துக்குப் பணம் கிடையாது. யாராவது ஐந்நூறு கேட்டால் கொடுக்காதீர்கள். வாக்காளர் பட்டியலுக்கு எட்டாம் எண் படிவம். வண்டிக்கு முகவரி மாறிய 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்ல வேண்டும். திருச்செங்கோடு, சங்ககிரி, பெருந்துறை, கோபி எல்லாவற்றிலும் அலுவலகம் உண்டு, மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டியதில்லை. வெளிமாநிலப் பதிவு வண்டி என்றால் பழைய ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வங்கிக் கணக்கை மாற்றாதீர்கள். கல்லூரி சொல்லும் வங்கியில் புதிதாக ஒன்று தொடங்கினால் போதும்.

8. குழந்தைகளின் பள்ளி

மாற்றுச் சான்றிதழோடு எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி அந்த எண்ணைத் தன் பட்டியலிலிருந்து விடுவிக்காவிட்டால் புதிய பள்ளி சேர்க்கையை ஏற்ற முடியாது. கேட்கும்போது மதிப்பெண் சான்று, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார் நகல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கம் மதிப்பெண்ணை முன்வைத்தே வளர்ந்த தனியார் பள்ளிகள் அதிகம். விடுதியோடு இருக்கும் பள்ளிகளில் பகல்நேர மாணவருக்கும் மாலை ஏழு எட்டு மணி வரை படிப்பு நேரம் நீளும். கட்டணம் கேட்கும்போது புத்தகம், சீருடை, வேன், சிறப்பு வகுப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பிள்ளை விளையாடுமா, வரையுமா என்பது உங்களுக்கு முக்கியமென்றால் விளையாட்டு மைதானத்தை நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் ஒரு வேலைநாள் சாயங்காலம்.

அரசுப் பள்ளியையும் ஒதுக்கிவிட வேண்டாம். பல இடங்களில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு வருகிறவர்கள் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

9. பணம் கேட்டு வருகிறவர்கள்

புதிதாக வந்த ஆசிரியரிடம் மாதச் சம்பளம் நிச்சயம் என்று ஊருக்குத் தெரியும். முதல் இரண்டு மாதத்திலேயே ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, 'சைட்' எனப்படும் வீட்டுமனை மூன்றும் தேடி வரும், பெரும்பாலும் உடன் வேலை செய்கிறவர் வழியாகவே. பதிவு செய்யாத சீட்டில் சேராதீர்கள். நண்பர் நல்லவராக இருப்பார், சீட்டு நடத்துகிறவர் அவர் இல்லை. 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது பணம் இழந்தவர்களில் படித்தவர்களுக்கும் குறைவில்லை.

மனை வாங்குவதென்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி எண் உள்ளதாக இருக்கட்டும். அனுமதியில்லாத மனைப்பிரிவை வரன்முறை செய்துகொடுக்கிறோம் என்று சொன்னால், 2016 அக்டோபர் 20-க்கு முன் அந்த மனைப்பிரிவில் விற்பனை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோடையை இந்த ஊரில் கழித்து, எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்த பிறகு வாங்குவது நல்லது.

10. ஊரோடு பழகுவது

இங்கே மரியாதை பேச்சில் இருக்கிறது. காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், உங்களைவிட இளையவர் யாராக இருந்தாலும் 'வாங்க', 'சொல்லுங்க', 'சரிங்க' என்றுதான் பேச வேண்டும். நகரத்துப் பழக்கத்தில் 'என்னப்பா' என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். மரியாதையாகப் பேசினால் அதற்கு மேல் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து தேங்காயும் முருங்கைக்காயும் வந்து இறங்கும். மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போங்கள். கையில் பழம், வெற்றிலை பாக்கு இருந்தால் போதும்.

காய்கறிக்கு உழவர் சந்தை, காலை ஏழு மணிக்குள். நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடிப் பக்கம். அரிசிம்பருப்புச் சாதமும் சந்தகையும் செய்யப் பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டால் வாரநாள் சமையல் பாதி நேரத்தில் முடியும்.

மருத்துவத்துக்கு வந்த முதல் மாதமே ஒரு குழந்தை மருத்துவர், ஒரு பொது மருத்துவர் யாரென்று விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். பெரிய சிகிச்சைக்கு ஈரோடு, சேலம், கோவை. வயதான பெற்றோர் உடன் இருந்தால், கல்லூரியின் குழுக் காப்பீடு அவர்களையும் சேர்க்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தனியாக எடுத்துவிடுங்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு குறை உண்டு: நல்ல புத்தகக் கடையோ நாடகமோ வாரந்தோறும் கிடைக்காது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு இரண்டு நாள் ஒதுக்கிவிடுங்கள்; வருஷத்துக்குத் தேவையானதை அங்கே வாங்கிவிடலாம். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் கொடிவேரிக்கும் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பலாம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. குழந்தைகளுக்குக் காலையில் பால் கொடுக்காமல் ஏறுங்கள்.

11. பத்தாவது மாதம்

வாடகை ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதத்துக்கு. பத்தாவது மாதம் தொடங்கியதும் வீட்டுக்காரரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அவர் சொல்லும் உயர்வு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்று சொல்லிப் புதுப்பித்துவிடலாம். பத்து என்றால் தெருவில் மற்ற வீடுகளின் வாடகையை விசாரித்துவிட்டுத் திரும்பப் போங்கள். புதுப்பித்த ஒப்பந்தத்தில் பழைய அட்வான்ஸ் தொகை மறுபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். அது விட்டுப்போனால், காலி செய்யும்போது முதல் ஒப்பந்தத்தைத் தேடிக் காட்ட வேண்டி வரும். அதனால் பழைய பத்திரத்தையும் பணம் அனுப்பிய வங்கி ரசீதையும் ரிலீவிங் ஆர்டர் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.